பிரித்தானிய எம்.பி. ஒருவரின் வரலாற்றை எழுதுவது எப்படி

லண்டனில் நம் சங்கங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களைப் புரட்டினால் தொகுதி எம்.பி.யைப் பற்றி ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். பிறந்த ஊர், படித்த பல்கலைக்கழகம், பொங்கல் விழாவில் பொன்னாடையோடு நிற்கும் படம், கடைசியில் "தமிழ் மக்களின் உற்ற நண்பர்" என்று ஒரு வரி. எந்தத் தொகுதி எம்.பி.யின் பெயரைப் போட்டாலும் அந்தப் பக்கம் பொருந்திவிடும். அவர் பாராளுமன்றத்தில் என்ன செய்தார் என்பது மட்டும் அதில் இருக்காது.

நான் லண்டன் நூலகம் ஒன்றின் உசாத்துணைப் பகுதியில் நீண்ட காலம் வேலை பார்த்தவள். இப்போது மலர்களுக்காகவும், பள்ளிக்கூடச் செயற்றிட்டம் என்று வரும் பிள்ளைகளுக்காகவும் எம்.பி.க்களின் வரலாற்றைத் தேடித் தொகுக்கிறேன். பிரித்தானியாவில் ஒரு எம்.பி.யின் பொதுவாழ்க்கை அனேகமாக முழுவதும் பதிவில் இருக்கிறது. காசு கொடுக்காமல், வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு பதிவும் யாரால், எதற்காக எழுதப்பட்டது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்தால்தான் அதைச் சரியாக வாசிக்க முடியும். நான் சொல்ல வருவது பெரும்பாலும் இதைத்தான்.

தேர்தல்களின் வரிசையில் தொடங்குங்கள்

பிறந்த தேதியில் தொடங்க வேண்டாம். ஒரு தாளில் ஆண்டு, தொகுதி, கட்சி, வாக்கு வித்தியாசம் என்று நான்கு பத்தி போட்டு, அவர் நின்ற ஒவ்வொரு தேர்தலையும் எழுதுங்கள். தோற்றவற்றை முதலில் தேடுங்கள், ஏனென்றால் கட்சி வெளியிடும் குறிப்புகளில் அவைதான் முதலில் காணாமல் போகின்றன. மார்கரெட் தாட்சர் 1950இலும் 1951இலும் டார்ட்ஃபோர்டில் நின்று தோற்றார். ஃபிஞ்ச்லியில் வென்றது 1959இல். இடையில் கிடந்த அந்த எட்டு வருடங்களைத் தாண்டிவிட்டு அவர் கதையைச் சொன்னால், கட்சிக்குள் ஒரு பெண் வேட்பாளராவதற்கு என்ன பாடுபட வேண்டியிருந்தது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். நம்மவர்களில் உமா குமரன் 2015இல் ஹரோ கிழக்கில் தோற்று, 2024இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்றார். இந்த நாட்டின் முதல் தமிழ் எம்.பி. என்று எல்லோரும் எழுதுகிறோம். அந்த ஒன்பது வருடங்களையும் சேர்த்து எழுதினால்தான் அவர் வந்த வழி தெரியும்.

பாதுகாப்பான தொகுதி ஒன்று கிடைக்குமுன் தோற்பது நிச்சயமான தொகுதி ஒன்றில் நிறுத்திப் பார்ப்பது இங்குள்ள கட்சிகளின் பழைய வழக்கம். ஆகவே தோல்வி என்றவுடன் மக்கள் நிராகரித்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தொகுதியில் அதே கட்சி முந்தைய தேர்தலில் எத்தனை வாக்கு வாங்கியது என்று பாருங்கள். கட்டுப்பணம் 500 பவுண். செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அது போய்விடும். கட்டுப்பணத்தை இழந்து தொடங்கிப் பின்னாளில் எம்.பி. ஆனவர்களும் உண்டு.

தொகுதிப் பெயர்களில் கவனம் வேண்டும். 2024 தேர்தல் புதிய எல்லைகளோடு நடந்தது. 650 என்ற மொத்த எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் பல தொகுதிகள் பெயர் மாறின, சில உடைந்தன, சில ஒன்றாயின. பழைய பெயரில் வாங்கிய வாக்கையும் புதிய பெயரில் வாங்கிய வாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "செல்வாக்குச் சரிந்தது" என்று எழுதுவது தவறு. தெருக்களே வேறாக இருக்கலாம்.

இடைத்தேர்தல் என்று கண்டால் காரணத்தைத் தேடுங்கள். சர்ச்சிலின் பட்டியலில் 1908இல் மான்செஸ்டர் வடமேற்கில் ஒரு தோல்வி வரும். 1906இல்தானே அங்கே வென்றார், இரண்டு வருடத்தில் ஏன் மறுபடி நின்றார்? அந்தக் காலத்தில் அமைச்சரவைக்குள் போகிறவர் தொகுதிக்குத் திரும்பி வந்து மறுபடி மக்களின் வாக்கைக் கேட்க வேண்டும். அவர் வர்த்தகச் சபையின் தலைவராக நியமிக்கப்பட்டதால்தான் அந்தத் தேர்தல் வந்தது. தோற்றவர் சில வாரங்களில் டண்டியில் நின்று வென்றார். அந்த விதி 1926இல் முற்றாக நீக்கப்பட்டது. விதி தெரியாதவர் அந்த வரியைப் பார்த்து எதை வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்வார்.

இன்னொரு வரியும் குழப்பும்: இன்னார் "சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்" பொறுப்புக்கு நியமிக்கப்பட்டார் என்று இருக்கும். ஏதோ பெரிய பதவி கிடைத்தது என்று நினைக்கத் தோன்றும். அவர் எம்.பி. பதவியை விட்டுவிட்டார் என்பதுதான் அதன் பொருள். 1624இல் நிறைவேறிய தீர்மானத்தின்படி உறுப்பினர் நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. அதனால் அரசரின் கீழ் சம்பளமில்லாத ஒரு பெயரளவுப் பொறுப்பை ஏற்று, அதன் மூலம் தகுதி இழந்து வெளியேறுகிறார்கள். நார்த்ஸ்டெட் பண்ணை என்று இன்னொன்றும் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள்.

கட்சி மாறியவரா? இந்தியாவில் இருப்பது போன்ற கட்சித்தாவல் தடைச் சட்டம் இங்கே இல்லை. சர்ச்சில் 1904இல் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தபோது அவருடைய ஆசனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. டக்ளஸ் கார்ஸ்வெல் 2014இல் கட்சி மாறியபோது, கட்டாயம் இல்லாமலே பதவியை விட்டு, கிளாக்டனில் மறுபடி நின்று வென்றார். இந்த இரண்டில் எதைச் செய்தார் என்பதை அவசியம் எழுதுங்கள்.

ஹன்சாட்டை வாசிக்கும் விதம்

ஹன்சாட் என்பது பாராளுமன்ற விவாதங்களின் அதிகாரபூர்வப் பதிவு. இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. இங்கே 1803இலிருந்து வந்த விவாதங்கள் இணையத்தில் இருக்கின்றன. பெயரைத் தட்டினால் அந்த உறுப்பினர் வாய் திறந்த ஒவ்வொரு நாளும் வரிசையாக வரும்.

முதலில் கன்னிப் பேச்சை, அதாவது அவர் சபையில் பேசிய முதல் பேச்சைப் படியுங்கள். அதில் ஒரு மரபு உண்டு: தனக்கு முன்பிருந்த எம்.பி.யை, அவர் எதிர்க்கட்சியாக இருந்தாலும், பாராட்டுவார்கள், தொகுதியை வர்ணிப்பார்கள், மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள். ஆகவே முன்னவரைப் புகழ்ந்ததை வைத்து "பெருந்தன்மையானவர்" என்று எழுத வேண்டாம், அது எல்லோரும் செய்வது. மரபை எங்கே மீறினார் என்று பாருங்கள். தாட்சர் 1960 பெப்ரவரியில் தன் கன்னிப் பேச்சையே ஒரு சட்டமூலத்தை முன்வைக்கும் பேச்சாக ஆக்கிக்கொண்டார். உள்ளூராட்சிச் சபைக் கூட்டங்களுக்குள் பத்திரிகையாளர்களை விட வேண்டும் என்பது அந்தச் சட்டம், அதே ஆண்டு நிறைவேறியது. அந்த ஒரு தகவலே ஆளைக் காட்டிவிடுகிறது.

பழைய காலத்து எம்.பி.யைப் பற்றி எழுதினால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பாராளுமன்றமே தன் ஊழியர்களை வைத்து முழு அறிக்கை எடுக்கத் தொடங்கியது 1909இல்தான். அதற்கு முன்பு பத்திரிகைச் செய்திகளிலிருந்தும் பிற குறிப்புகளிலிருந்தும் தொகுத்தார்கள். பல பேச்சுகள் "அவர் கூறினார்" என்று படர்க்கையில் சுருங்கிக் கிடக்கும். 1890களின் தொகுதிகளில் பேசியவர் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அச்சாகும் முன் உறுப்பினரே அந்தப் பேச்சைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார் என்று பொருள். எனவே 1909க்கு முந்திய வரிகளை மேற்கோள் குறிக்குள் போட்டு "இப்படியே சொன்னார்" என்று எழுதாதீர்கள். அன்றைய பத்திரிகை ஒன்றோடு ஒப்பிடுங்கள். இன்றைய ஹன்சாட்டும் சொல்லுக்குச் சொல் அல்ல. தடுமாற்றத்தையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் எடுத்துவிடுவார்கள். அவர் குரல் தழுதழுத்ததா, சபை கூச்சல் போட்டதா என்று அறிய வேண்டுமானால் காணொளிப் பதிவைத்தான் பார்க்க வேண்டும்.

காணொளி பார்க்கும்போது வெறும் பச்சை இருக்கைகளைக் கண்டு கோபப்படுகிறவர்கள் நம்மில் அதிகம். 650 பேருக்கு அந்தச் சபையில் 427 இருக்கைகள்தான். கூட்டம் நிரம்பும் நாளில் பலர் நின்றுகொண்டிருப்பார்கள், மற்ற நேரத்தில் தெரிவுக்குழுவிலோ வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்து விவாதத்திலோ இருப்பார்கள். ஒரு விவாதத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட, யார் எழுந்து என்ன கேட்டார்கள் என்பதை எழுதுங்கள்.

2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை, இலங்கைப் போர் தொடர்பாகப் பாராளுமன்றச் சதுக்கத்தில் நம் சனம் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தது. அப்போது வெளியே வந்து நம்மோடு நின்று படம் எடுத்துக்கொண்ட எம்.பி.க்களின் படங்கள் பலரிடம் இன்னும் இருக்கின்றன. அந்தப் படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள், அவையும் வரலாறுதான். ஆனால் மலரில் போடுமுன், அதே மாதங்களின் ஹன்சாட்டைத் திறந்து அவர் உள்ளே இலங்கையைப் பற்றி எழுந்து பேசினாரா, எந்த அமைச்சரிடம் எதைக் கேட்டார் என்று பாருங்கள். சிலர் வெளியே வராமலே உள்ளே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய படம் நம்மிடம் இல்லை, அதனாலேயே நம் மலர்களில் பெயரும் இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

வாக்குகள்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஒரு எம்.பி.யின் வரலாற்றில் எலும்பு என்று சொல்லத்தக்கது வாக்குப் பதிவு. மணி அடிக்கும், எட்டு நிமிடத்தில் கதவு பூட்டுவார்கள். அதற்குள் ஆம் பக்கமோ இல்லை பக்கமோ நடந்து போயிருக்க வேண்டும். பெயர் பெயராகப் பதிவாகும். பாராளுமன்றத்தின் சொந்தத் தளத்திலும், மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் தேவர்க்ஃபோர்யூ தளத்திலும் தேடலாம். இரண்டாவது தளம் வாக்குகளைத் தொகுத்து, "இதற்குப் பொதுவாக ஆதரவு", "அதற்குப் பொதுவாக எதிர்ப்பு" என்று சுருக்கித் தரும். அந்தச் சுருக்கத்தை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அதை ஒரு வாசலாக மட்டும் பாவியுங்கள், அதிலிருந்து ஒவ்வொரு வாக்கெடுப்பின் மூலத்துக்கும் போங்கள்.

ஏன் என்பதற்கு ஈராக் போர் வாக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். 2003 மார்ச் 18. அன்றிரவு இரண்டு வாக்கெடுப்புகள் நடந்தன. முதலாவது, போருக்கான நியாயம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்ற திருத்தத்தின் மீது. அதற்கு 217 பேர் ஆதரவு, 396 பேர் எதிர்ப்பு. ஆதரித்தவர்களில் 139 பேர் ஆளும் தொழிற்கட்சியினர். பிறகு அரசாங்கத்தின் மூலப் பிரேரணை 412க்கு 149 என்று நிறைவேறியது. இதை எதிர்த்த தொழிற்கட்சியினர் 84 பேர். 139 எப்படி 84 ஆனது? திருத்தத்தை ஆதரித்த சிலர், அது தோற்றபின் கட்சியோடு போனார்கள். சிலர் வாக்களிக்காமல் இருந்தார்கள். மற்றவர்கள் பிரேரணையையும் எதிர்த்தார்கள். "போரை எதிர்த்தவர்" என்று ஒருவரைப் பற்றி எழுதும்போது இந்த மூன்று வகையில் அவர் எந்த வகை என்று சொல்ல வேண்டும். ஒரு வாக்கெடுப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதி ஆளைத்தான் பார்த்திருப்பீர்கள்.

ஒரு பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் நின்ற ஐயா ஒருவர் என்னைக் கேட்டார்: "பிள்ளை, இந்த எம்.பி. எங்களுக்கு எதிரா வாக்குப் போட்டவராம். உண்மையோ?"

"எந்த வாக்கு ஐயா?"

"அதுதான், அகதியாய் வாற சனத்தின்ர சட்டம்."

கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். அந்தச் சட்டமூலத்துக்கு ஒரே மாலையில் பல வாக்கெடுப்புகள். பிள்ளைகளைத் தடுத்து வைக்கும் பிரிவைத் தளர்த்தும் திருத்தம் ஒன்றுக்கு அந்த எம்.பி. ஆதரவாக வாக்களித்திருந்தார். அது தோற்றபின் கடைசி வாக்கெடுப்பில் சட்டமூலத்தையும் ஆதரித்திருந்தார். ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை வாசித்தார்.

"அப்ப இனி என்னெண்டு சொல்லுறது?"

"இரண்டையும் சொல்லுவம் ஐயா."

இனி, பட்டியலில் பெயர் இல்லாதவர்கள். "வாக்களிக்கவில்லை" என்ற பதிவுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம், பட்டியல் எதையும் சொல்லாது. வேண்டுமென்றே விலகியிருக்கலாம். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரோடு சோடி சேர்ந்து இருவரும் வராமல் இருந்திருக்கலாம், இது கொறடாக்கள் ஒழுங்கு செய்வது. அமைச்சராக வெளிநாட்டில் இருந்திருக்கலாம். மருத்துவமனையில் இருந்திருக்கலாம். சபாநாயகரும் துணைச் சபாநாயகர்களும் வாக்களிப்பதில்லை. எண்ணுகிறவர்களாக நிற்கும் நான்கு பேரும் மொத்தத்தில் சேர மாட்டார்கள், ஆனால் எந்தப் பக்கத்துக்காக எண்ணினார்கள் என்று பெயரோடு இருக்கும். வட அயர்லாந்தின் ஷின் ஃபெய்ன் கட்சியினர் ஆசனமே ஏற்பதில்லை.

2019 ஜனவரி 15, பிரெக்சிற் ஒப்பந்த வாக்கெடுப்பு. தொழிற்கட்சி எம்.பி. துலிப் சித்திக் தன் சிசேரியன் அறுவையைத் தள்ளிப்போட்டுவிட்டுச் சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தார். பதிலாள் மூலம் வாக்களிக்கும் ஏற்பாடு அப்போது இல்லை. அதே மாதக் கடைசியில்தான் பிள்ளை பெற்றவர்களுக்காக அது பரீட்சார்த்தமாக வந்தது, பிறகு கடும் நோயுற்றவர்களுக்கும் விரிந்தது. ஆகவே அதற்கு முந்திய காலத்தில் ஒரு பெண் எம்.பி. சில மாதங்கள் வாக்களிக்கவே இல்லை என்று கண்டால், "அக்கறையற்றவர்" என்று எழுதுமுன் அந்த ஆண்டில் அவருக்குக் குழந்தை பிறந்ததா என்று பாருங்கள்.

கட்சிக்கு எதிராக வாக்களித்த நாட்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கட்சி சொன்னபடி கட்டாயம் வாக்களிக்க வேண்டும் என்று கொறடாவின் தாளில் மூன்று கோடு போட்ட விடயத்தில் மீறுவது சும்மா இல்லை. 2019 செப்டம்பர் 3 அன்று 21 பழமைவாதக் கட்சி எம்.பி.க்கள் ஒரே இரவில் கட்சியிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். 1970இலிருந்து சபையில் இருந்த கென் கிளார்க் அதில் ஒருவர், சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸ் இன்னொருவர். 2024 ஜூலையில் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் உதவித்தொகை என்ற வரம்பை நீக்கும் திருத்தத்தை ஆதரித்த ஏழு தொழிற்கட்சி எம்.பி.க்களுக்கும் அதே கதிதான். இப்படியான ஒரு வாக்கு, நூறு வழக்கமான வாக்குகளை விட அதிகம் பேசும். மறுபக்கம், அமைச்சராக இருப்பவர் கூட்டுப்பொறுப்பால் கட்டுப்பட்டவர். அவர் அரசாங்கத்தோடு வாக்களித்தார் என்பதில் செய்தி இல்லை. அவர் பதவியை விட்டு விலகினாரா என்பதில்தான் இருக்கிறது. அமைச்சராக இருந்த ரொபின் குக் ஈராக் வாக்கெடுப்புக்கு முதல் நாள் விலகினார்.

எதிர்க்கட்சி நாளில், அதாவது எதிர்க்கட்சி விவாதப் பொருளைத் தெரிவு செய்யும் நாளில், வரும் பிரேரணைகள் பெரும்பாலும் தோற்கும், அவற்றை எல்லாம் அடுக்க வேண்டாம். ஆனால் விதிவிலக்கு ஒன்றை நான் மறக்க மாட்டேன். 2009 ஏப்ரல் 29, கூர்க்கா வீரர்கள் பிரித்தானியாவில் குடியேறி வாழும் உரிமை தொடர்பான பிரேரணையில் அரசாங்கம் 246க்கு 267 என்று தோற்றது. வெளியே சதுக்கத்தில் நம் சனம் இருந்த அதே நாட்கள். ஆளும் கட்சியிலிருந்தே ஆட்கள் மாறிப் போட்டார்கள். உங்கள் எம்.பி. அன்று சபையில் இருந்தவரானால் எந்தப் பக்கம் நடந்தார் என்று பாருங்கள்.

கேள்விகள், சட்டமூலங்கள், குழுக்கள்

எழுத்துக் கேள்விகளின் எண்ணிக்கையைப் பெருமையாகப் போடுவார்கள். எண்ணிக்கை சொல்வது குறைவு. கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டு ஒரு பதிலைப் பிடுங்கினாரா என்று பாருங்கள், அதுதான் உழைப்பு. கேள்விகள் திடீரென்று நின்றுபோனால் சோம்பல் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் அமைச்சராகியிருப்பார், அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை. அரசாங்கக் கொறடா ஆனவர் சபையில் பேசுவதும் அனேகமாக நின்றுவிடும்.

முன்பிரேரணை (ஏர்லி டே மோஷன்) என்று வரும் பத்திரங்களில் கையெழுத்திடுவது எளிது. அவற்றில் மிகச் சிலவே விவாதத்துக்கு வரும். "தமிழருக்காகப் பாராளுமன்றத்தில் தீர்மானம்" என்று நம் ஊடகங்கள் தலைப்புப் போடுவது சில நேரம் இதைத்தான். தமிழருக்கான அனைத்துக் கட்சிக் குழுவும் அப்படித்தான். நல்ல வேலை செய்கிறது, ஆனால் அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை. தெரிவுக்குழு வேறு: அமைச்சர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும், அறிக்கை எழுதும். 2010இலிருந்து பெரும்பாலான குழுத் தலைவர்களை எம்.பி.க்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். ஒருவர் குழுத் தலைவராக இருந்தார் என்றால் சக உறுப்பினர்கள் அவரை மதித்தார்கள் என்று எழுதலாம்.

பின்வரிசை எம்.பி. ஒருவர் தனியாகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தாரா? அதைத் தலைப்பில் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை குலுக்கல், அதில் 20 பெயர், விவாதிக்கக் கிடைப்பது 13 வெள்ளிக்கிழமைகள். அதற்குள் ஒரு சட்டத்தைக் கரை சேர்ப்பது கடினம். ஹரோ கிழக்கின் பொப் பிளாக்மன் கொண்டுவந்த வீடின்மைக் குறைப்புச் சட்டம், 2017 அப்படி வந்தது. வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவருக்கு மாநகரசபை முன்கூட்டியே உதவ வேண்டும் என்ற கடமை அதில் இருக்கிறது. அவருடைய கட்சி உங்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, வரலாற்றில் அது இருக்க வேண்டும்.

காசுப் பதிவேடு

1911 வரை எம்.பி.க்களுக்குச் சம்பளமே இல்லை. அந்த ஆண்டு 400 பவுண் வந்தது. 2025 ஏப்ரலில் 93,904 பவுண். அதற்கு மேல் வருவது உறுப்பினர்களின் நிதிநலன் பதிவேட்டில் இருக்கும்: வேறு தொழில், பரிசுகள், நன்கொடைகள், பிறர் செலவில் போன வெளிநாட்டுப் பயணங்கள். 300 பவுணுக்கு மேற்பட்ட பரிசையும் பயணத்தையும் 28 நாளுக்குள் பதிய வேண்டும்.

இந்தப் பதிவேட்டை நம் ஆட்கள் திறப்பதே இல்லை. ஆனால் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள கதை அதில் இருக்கிறது. வட அயர்லாந்தின் வடக்கு ஆன்ட்ரிம் எம்.பி. இயன் பெய்ஸ்லி இளையவர் 2013இல் இலங்கை அரசின் செலவில் குடும்பத்தோடு இரண்டு தடவை விடுமுறைக்குப் போய், அதைப் பதியவில்லை. அடுத்த ஆண்டு, இலங்கை பற்றிய ஐ.நா. தீர்மானத்தை ஆதரிக்க வேண்டாம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2017இல் பத்திரிகை ஒன்று வெளிக்கொண்டுவந்தது. 2018இல் சபை அவரை 30 அமர்வு நாட்களுக்கு இடைநிறுத்தியது. 2015ஆம் ஆண்டின் மீளழைப்புச் சட்டத்தின் கீழ் நடந்த முதல் கையெழுத்து மனு அவருக்கு எதிரானதுதான். வாக்காளரில் 10 சதவீதம் வேண்டும், அதை நெருங்கி வந்து எட்டாமல் நின்றது. பதவி தப்பியது. 2024 தேர்தலில் தோற்றார். பதிவேட்டை வாசிக்கும்போது இருக்கும் வரிகளோடு, இருக்க வேண்டியும் இல்லாத வரிகளையும் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பயணத் தேதிகளையும் பேச்சுத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

அதற்காக, நம் அமைப்பு ஒன்றின் செலவில் போன பயணத்தை மறைத்து எழுதவும் கூடாது. அதே அளவுகோல்தான்.

பதிவில் இல்லாதது

தொகுதி அலுவலகத்தில் வெள்ளி, சனியில் நடக்கும் சந்திப்புகள் எங்கும் பதிவாவதில்லை. விசாப் பிரச்சினை, வீட்டு ஈரக்கசிவு, உதவித்தொகை நின்றது என்று வரும் சனத்துக்காக எழுதும் கடிதங்கள்தான் பல எம்.பி.க்களின் உண்மையான வேலைநாள். அதை அறிய மக்களிடம்தான் கேட்க வேண்டும். கேளுங்கள், ஆனால் பெயரும் வழக்கு விபரமும் போடாதீர்கள். எம்.பி.யின் வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இவையும் வேண்டாம். இரண்டு எம்.பி.க்கள், ஜோ கொக்ஸ் 2016இலும் டேவிட் அமெஸ் 2021இலும், தொகுதி மக்களைச் சந்திக்கும் வேலையில் இருந்தபோதே கொல்லப்பட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எம்.பி. ஆகுமுன் கவுன்சிலராக இருந்தவரென்றால் மாநகரசபைக் கூட்டக் குறிப்புகளைப் பாருங்கள். பிரபலமானவர்களின் விபரங்களைத் தொகுக்கும் "ஹூஸ் ஹூ" நூலில் உள்ள குறிப்பை அவர்களே நிரப்பிக் கொடுக்கிறார்கள், தன்னைப் பற்றித் தானே சொன்னது என்ற அளவில் மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரானால் ஒக்ஸ்ஃபோர்ட் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி நல்லது. பல மாநகரசபைகளின் நூலக அட்டை இருந்தால் வீட்டிலிருந்தே இலவசம். கதவடியில் விழும் தேர்தல் துண்டுப் பிரசுரங்களை எறியாதீர்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் அன்று என்ன வாக்குறுதி தந்தார் என்பதற்கு உங்கள் அலமாரியில் இருக்கும் அந்தத் தாள்தான் சாட்சியாக நிற்கும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. சபைக்குள் எம்.பி. யாரைப் பற்றி என்ன சொன்னாலும் 1689 உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அவரைக் காக்கும். அதை நியாயமாக, சரியாக அறிக்கையிட்டால் உங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. அதற்கு மேல் உங்கள் சொந்த ஊகத்தைச் சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

எழுதும்போது

தாதாபாய் நவுரோஜியை வைத்துக் காட்டுகிறேன். மலர்களில் வழக்கமாக வருவது: "இந்தியாவின் பெருங்கிழவர் நவுரோஜி பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி இந்திய மக்களுக்காகக் குரல் கொடுத்தார்." இதில் பிழை இல்லை, ஆனால் எதுவுமே தெரியவில்லை. மேலே சொன்ன முறையில் எழுதினால்:

"கணிதப் பேராசிரியராக இருந்த நவுரோஜி 1855இல் வணிக நிறுவனம் ஒன்றின் பங்காளியாக இங்கிலாந்துக்கு வந்தார். 1886இல் ஹோல்போர்னில் தாராளவாதக் கட்சி வேட்பாளராக நின்று தோற்றார். இரண்டு வருடம் கழித்துப் பிரதமர் சாலிஸ்பரி, பிரித்தானியத் தொகுதி எதுவும் ஒரு கறுப்பரைத் தெரிவு செய்யாது என்ற பொருளில் பேசினார். 1892இல் மத்திய ஃபின்ஸ்பரியில் 5 வாக்கு வித்தியாசத்தில் நவுரோஜி வென்றார். அப்போது எம்.பி.க்குச் சம்பளம் இல்லை. இந்தியக் குடியியல் சேவைப் பரீட்சையை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று அவர் வாதாடிய தீர்மானம் 1893இல் சபையில் நிறைவேறியது. அரசாங்கம் அதைச் செயற்படுத்தவில்லை. 1895இல் அவர் தோற்றார்."

புகழ்ச்சிச் சொல் ஒன்றும் இல்லை. வென்ற தீர்மானம் என்ன ஆனது என்ற வரியை விட்டிருந்தால் அது வேறு கதையாகப் போயிருக்கும். இந்த அளவில் ஒரு பக்கம் போதும். உங்களுக்கு அவரைப் பிடித்திருந்தால் கடைசிப் பத்தியில் ஏன் என்று உங்கள் பெயரில் எழுதுங்கள், தகவலோடு கலக்க வேண்டாம்.

உயிரோடிருப்பவரைப் பற்றியதென்றால், அச்சுக்குப் போகுமுன் தேதிகளும் எண்களும் உள்ள பகுதியை மட்டும் அவருடைய அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிச் சரிபார்க்கக் கேளுங்கள், ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். உங்கள் கருத்தைத் திருத்தச் சொன்னால் திருத்த வேண்டாம், எண்ணைத் திருத்தினால் ஆதாரத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தின் அடியில் "இன்ன தேதி வரையான பதிவுகளின்படி" என்று போடுங்கள். பதிவேடு சபை நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுகிறது, அடுத்த ஆண்டு மலருக்கு எழுதுகிறவர் அந்தத் தேதியிலிருந்து தொடங்கலாம்.